எதிர்பாராமல் முளைக்கும் ஸ்க்ரோல்பார்: கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து கொடுத்தால், அதைப் பார்ப்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஐபோனிலும் மக்புக்கிலும் திறந்துவிட்டு "வடிவா இருக்கு தம்பி" என்று செய்தி போடுவார்கள். அதே பக்கத்தை இங்கே அலுவலக விண்டோஸ் கணினியில் திறந்தால் அடியில் ஒரு சாம்பல் பட்டை நிற்கும், பக்கம் இடமும் வலமுமாக ஆடும், மெனுவுக்குள் தேவையில்லாத இன்னொரு பட்டை தெரியும். கோப்பு ஒன்றுதான். பார்க்கிற இயந்திரம்தான் வேறு.

அந்தப் பட்டைதான் ஸ்க்ரோல்பார். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இடம் பிடிக்கும் பழைய வகை. விண்டோஸில் குரோமும் எட்ஜும் காட்டுவது இதுதான். 15 முதல் 17 பிக்சல் அகலத்தைப் பக்கத்திடமிருந்து பறித்துக்கொள்ளும். மற்றது உள்ளடக்கத்தின் மேலே மெல்லிய கோடாக வந்து மறையும் மிதக்கும் வகை. அண்ட்ரொயிட், ஐபோன், டிராக்பேடுடன் உள்ள மக் எல்லாம் இந்த இனம். 2022இல் வந்த பயர்பொக்ஸ் 100ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 11இலும் பயர்பொக்ஸ் மிதக்கும் பட்டையையே காட்டுகிறது. ஆகவே ஒரே விண்டோஸ் 11 லப்டொப்பில் குரோமில் தெரியும் பிரச்சினை பயர்பொக்ஸில் தெரியாமல் போகலாம்.

இந்தக் கட்டுரையில் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழி) சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; எடிட்டரில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதற்படி: உங்கள் கணினியை உண்மை பேச வையுங்கள்

மக் வைத்திருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய், ஸ்க்ரோல்பாரை எப்போதும் காட்டு என்ற தெரிவைப் போடுங்கள். விண்டோஸ் 11இல் அக்சசிபிலிட்டி, அதற்குள் விசுவல் எஃபெக்ட்ஸ், அங்கே எப்போதும் காட்டும் சுவிட்ச் இருக்கிறது. இணையத்தளம் செய்கிற எவரும் இந்தத் தெரிவை நிரந்தரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பார்க்க அழகில்லைதான். ஆனால் வாடிக்கையாளர் பார்ப்பதை நீங்கள் பார்க்காமல் அவரிடம் என்ன கதைப்பது?

இன்னொரு பொறி குரோமின் கைபேசிப் பார்வை. உலாவிக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் கருவியில் போன் படத்தை அழுத்தியதும் குரோம் மிதக்கும் பட்டைக்கு மாறிவிடும். அந்தப் பார்வையில் சுத்தமாக இருக்கும் பக்கம், சாதாரண ஜன்னலைச் சுருக்கினால் ஆடத் தொடங்கும். இரண்டு விதமாகவும் பாருங்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று அளவெடுங்கள்

ஒரு வரி சிஎஸ்எஸ்கூட மாற்றுவதற்கு முன் கன்சோலைத் (டெவலப்பர் கருவியில் கட்டளை தட்டும் பகுதி) திறந்து இரண்டு எண்களைக் கேளுங்கள்: முழுப்பக்கத்தைக் குறிக்கும் டொக்குமென்ட்எலிமென்ட்டின் ஸ்க்ரோல்விட்த், அதன் கிளையன்ட்விட்த். முதலாவது உள்ளடக்கம் உண்மையில் பிடிக்கும் அகலம். இரண்டாவது கண்ணுக்குக் கிடைக்கும் அகலம். செங்குத்துப் பட்டை என்றால் ஸ்க்ரோல்ஹைட், கிளையன்ட்ஹைட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடும்.

கிடையாக 15 அல்லது 17 வந்தால், யாரோ 100விடபிள்யூ (ஜன்னலின் முழு அகலம் என்ற அளவு) பாவித்திருக்கிறார்கள். 12 வந்தால் பூட்ஸ்ட்ராப் 5 என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பின் ரோ (வரிசைப் பெட்டி) ஒன்று கண்டெய்னர் (வெளிப்பெட்டி) இல்லாமல் தனியே நிற்கிறது. அதன் இயல்பான பக்க மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) இருபுறமும் கழித்தல் 12 பிக்சல். பூட்ஸ்ட்ராப் 4 என்றால் அதுவே 15. அப்படியென்றால் 15 வந்தால் இரண்டில் எது? போனில் திறந்து பாருங்கள். போனில் பட்டை இடம் பிடிக்காததால் 100விடபிள்யூ பிரச்சினை அங்கே மறைந்துவிடும்; ரோவின் பிரச்சினை போனிலும் அப்படியே நிற்கும். 40 மாதிரி முழு எண்ணாக வந்தால் பாடிங்கைச் (பெட்டிக்குள்ளே ஓரத்தில் விடும் இடைவெளி) சந்தேகியுங்கள்: 20ம் 20ம். செங்குத்தாக 16 வந்தால் அது பொடி என்ற, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் அடக்கும் உறுப்பின் இயல்பான மார்ஜின், மேலே 8 கீழே 8. செங்குத்தாக நான்கைந்து பிக்சல் என்றால் எழுத்தின் அடிக்கோட்டுக்குக் கீழே மிஞ்சும் இடைவெளி. முந்நூறு, நானூறு என்று பெரிதாக வந்தால் திரைக்கு வெளியே ஒளித்து வைத்த மெனு, அல்லது ஒட்டிய வரைபடம்.

ஜன்னலின் அகலத்தை மாற்றி மறுபடி அளவெடுங்கள். எண் மாறாமல் நின்றால் காரணம் மார்ஜின், பாடிங், பட்டை போன்ற நிலையான ஒன்று. ஜன்னல் சுருங்கச் சுருங்க எண் கூடினால், அகலம் குறைய மறுக்கும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது: படம், அட்டவணை, உடையாத சொல்.

மூன்றாம் படி: ஆளைப் பிடியுங்கள்

பயர்பொக்ஸ் இதற்கு மிக நல்ல கருவி. அதன் டெவலப்பர் கருவியில் பக்கத்தின் உறுப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில், ஸ்க்ரோல் ஆகும் உறுப்புக்குப் பக்கத்தில் ஸ்க்ரோல் என்ற சிறிய சிட்டை தெரியும். அதை அழுத்தினால் எந்தப் பிள்ளை உறுப்பு வெளியே நீட்டுகிறதோ அதன் பக்கத்தில் ஓவர்ஃப்ளோ என்ற சிட்டை வரும். பாதி நாள் வேலை இதிலேயே முடிந்துவிடும். குரோமில்தான் தெரிகிறது என்றாலும் பயர்பொக்ஸில் ஒருதரம் திறந்து பாருங்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அது பிடிபடாவிட்டால் எல்லா உறுப்புக்கும் சிவப்பு அவுட்லைன் ஒன்று போடுங்கள். போர்டர் போடாதீர்கள். போர்டர் இடம் பிடித்து அளவுகளை மாற்றிவிடும், பிறகு புதிதாக வந்த பிழையையும் பழையதையும் பிரிக்க முடியாது. அவுட்லைனும் பொக்ஸ்-ஷடோவும் வெறும் மை மாதிரி. எவ்வளவு வெளியே போனாலும் ஸ்க்ரோல் உண்டாக்காது.

அதிலும் தெரியவில்லையென்றால் கன்சோலில் சிறிய சுற்று ஒன்று எழுதலாம்: பக்கத்திலுள்ள ஒவ்வொரு உறுப்பினதும் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் தரும் வலது எல்லையை எடுத்து, கிளையன்ட்விட்த்தைவிடக் கூடியதை மட்டும் அச்சிடுங்கள். இதில் சில பொய்ச் சாட்சிகளும் வரும். படச் சுழலிக்குள் வரிசையில் காத்திருக்கும் படங்கள் எல்லாம் எல்லைக்கு வெளியேதான் இருக்கும், ஆனால் அவற்றின் தாய்ப்பெட்டி அவற்றை வெட்டி வைத்திருப்பதால் குற்றமில்லை.

கடைசி வழி, இன்ஸ்பெக்டரில் பெரிய பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்துப் பார்ப்பது. முரட்டு வேலைதான், ஆனால் தோற்காது. ஃபுட்டரை அழித்ததும் பட்டை போனால் ஆள் அதற்குள்தான் இருக்கிறார்.

ஒரு குறிப்பு. டிஸ்பிளே: நன் போட்ட உறுப்பு ஸ்க்ரோலில் கணக்கில்லை. ஒபாசிட்டி 0, விசிபிலிட்டி ஹிடன் போட்டவை கணக்கில் உண்டு. கண்ணுக்குத் தெரியாததை அப்பாவி என்று விட்டுவிடாதீர்கள். இடமிருந்து வலம் எழுதும் பக்கங்களில் இடப்பக்கம் நீட்டுவது ஸ்க்ரோல் தராது, வலப்பக்கமும் அடிப்பக்கமும் நீட்டுவதுதான் தரும். திரைக்கு வெளியே மெனுவை ஒளிக்க வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒளிப்பதில் தொல்லை குறைவு.

நான்காம் படி: கிடைப்பட்டையின் காரணங்கள்

100விடபிள்யூவிலிருந்து தொடங்குவோம். அலுவலகங்களில் இன்னும் கனக்க இருக்கும் 1366 பிக்சல் லப்டொப்பை எடுங்கள். பக்கம் நீளமானது, ஆகவே வலப்பக்கம் 15 பிக்சல் பட்டை வருகிறது. மிஞ்சுவது 1351. ஆனால் விடபிள்யூ அளவு பட்டையே இல்லை என்று நினைத்துக் கணக்குப் போடுவதால் 100விடபிள்யூ இன்னும் 1366தான். 15 பிக்சல் வெளியே போகிறது, அடியில் கிடைப்பட்டை முளைக்கிறது. அந்தக் கிடைப்பட்டை உயரத்தில் கொஞ்சம் தின்கிறது. திரைக்குச் சரியாகப் பொருந்தியிருந்த இன்னொரு பகுதி இப்போது பொருந்தாமல் போகிறது. ஒரு பட்டை மற்றதைக் கூட்டிக்கொண்டு வரும் கதை இப்படித்தான் நடக்கிறது.

பெரும்பாலான இடங்களில் மாற்று எளிது: 100%. டிவ் (சாதாரணப் பெட்டி) ஒன்றுக்கு விட்த் கொடுக்காமல் விட்டாலே அது முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். 100விடபிள்யூ அங்கே தேவையே இருந்திருக்காது. நடுவில் ஒதுக்கிய பத்திக்குள்ளிருந்து ஒரு படத்தை மட்டும் திரை முழுக்க விரிக்க வேண்டிய இடம்தான் சிக்கல். அதற்கு மூன்று வழி. பக்கத்தை அகலமான பகுதிகளாக வைத்து ஒவ்வொன்றுக்குள்ளும் மக்ஸ்-விட்த் போட்ட பெட்டி வைப்பது பழைய வழி, நம்பகமானது. முழு அகல வெளிப்பெட்டிக்குக் கண்டெய்னர்-டைப்: இன்லைன்-சைஸ் கொடுத்துவிட்டு 100விடபிள்யூவுக்குப் பதில் 100சிகியூடபிள்யூ பாவிப்பது இரண்டாவது, இது பட்டையைக் கழித்த அகலத்தைத் தரும், 2023இலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் உண்டு. மூன்றாவது ஓவர்ஃப்ளோ: கிளிப். அதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

பாடிங் பிரச்சினைக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா உறுப்புக்கும் பொக்ஸ்-சைசிங்: போர்டர்-பொக்ஸ் போடுங்கள், முடிந்தது. வெளியிலிருந்து ஒட்டும் விட்ஜெட்டுகள் இதைத் தங்களுக்குள் மாற்றி வைத்திருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

பெட்டிகளை அடுக்கும் முறைகளான ஃபிளெக்ஸும் கிரிட்டும் கனபேரைக் குழப்புகின்றன. ஃபிளெக்ஸ் பிள்ளையின் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஓட்டோ. அதாவது உள்ளே இருக்கும் மிக நீளமான உடையாத துண்டைவிடச் சிறிதாக அது சுருங்காது. மின்-விட்த்: 0 போட்டால் சுருங்கும். கிரிட்டில் 1எஃப்ஆர் (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு) என்பதும் இதே பிடிவாதம் கொண்டது. மின்மக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதுங்கள். தானாகப் பத்தி கூட்டும் கிரிட்டில் மின்மக்ஸ்(300பிக்சல், 1எஃப்ஆர்) என்று எழுதினால், ஓரப் பாடிங்கைக் கழித்தபின் 280 மட்டும் மிஞ்சும் சின்ன போனில் 20 பிக்சல் வெளியே போகும். 300க்குப் பதிலாக மின்(100%, 300பிக்சல்) வையுங்கள்.

படிவங்களில் ஃபீல்ட்செட் என்ற உறுப்பைப் பாருங்கள். உலாவியே அதற்கு உள்ளடக்கத்தைவிடச் சுருங்காதே என்ற விதியைப் போட்டு வைத்திருக்கிறது. மின்-விட்த்: 0 அதற்கும் வேண்டும். உள்ளீட்டுப் பெட்டிகளும் இயல்பாக இருபது எழுத்து அகலத்தை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும். விட்த்: 100% கொடுங்கள்.

ஒட்டிய வரைபடமும் காணொளியும்: நல்லூரில் விருந்தினர் விடுதி நடத்துபவர் கேட்கும் முதல் வசதியே கூகுள் வரைபடம். கூகுள் தரும் ஒட்டுக்குறியில் அகலம் 600, உயரம் 450 என்று எழுதியிருக்கும். யூடியூபில் 560, 315. போன் திரை 360. விட்த்: 100%, பிறகு அஸ்பெக்ட்-ரேஷியோ ஒன்று, அவ்வளவுதான்.

நான்கரை: தமிழ் எழுத்தால் வரும் ஸ்க்ரோல்பார்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு வரும் கிடைப்பட்டைகளில் நல்ல பங்கு இதனால்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வாங்கிய டெம்பிளேட்டின் மெனுவில் நான்கெழுத்து, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் இருந்திருக்கும். அந்த இடத்தில் நாம் "முகப்பு", "எங்களைப்பற்றி", "நிர்வாகசபை", "புகைப்படத்தொகுப்பு", "தொடர்புகளுக்கு" என்று போடுகிறோம். டெம்பிளேட் வைட்-ஸ்பேஸ்: நோரப் போட்டிருந்தால் வரி உடையாது. போனில் மெனு மூன்று கோடாகச் சுருங்கிவிடும், பெரிய திரையில் இடம் போதும். இடையில், ஏறத்தாழ 1000 முதல் 1200 பிக்சல் அகலத்தில்தான் வெளியே நீட்டும். யாரும் அந்த அகலத்தில் சோதிப்பதில்லை. மெனு சுருங்கும் எல்லையை 1200க்கு உயர்த்துவதுதான் நேர்மையான தீர்வு. எழுத்தைச் சிறிதாக்குவது வேண்டாம். 13 பிக்சல் தமிழை வாசிக்க ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் படும் பாடு பெரிது.

அடுத்தது இடைவெளி விடாமல் சேர்த்தெழுதிய சொற்கள். "வல்வெட்டித்துறை" தாங்கும். "செயற்குழுக்கூட்டத்தீர்மானங்கள்" என்று ஒரே மூச்சில் தலைப்பு வந்தால் 320 பிக்சல் திரையில் பெரிய எழுத்தில் நிச்சயம் வெளியே போகும். ஓவர்ஃப்ளோ-ரப்: எனிவெயார் போடுங்கள். பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் சொல்லை உடைக்கும், ஆனால் ஃபிளெக்ஸும் கிரிட்டும் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பைக் கணக்கில் எடுக்காது, எனிவெயார் எடுக்கும். வேர்ட்-பிரேக்: பிரேக்-ஓல் மட்டும் வேண்டாம். அது இடம் இருக்கிற சாதாரணச் சொல்லையும் வரி முடிவில் வெட்டிவிடும். அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கி நிற்கும்போது கண்ணை உறுத்தும். முக்கியமான தலைப்புகளில் உடையக்கூடிய இடத்தை நீங்களே குறித்துவிடுவது மேல்: "செயற்குழுக்" என்பதற்குப் பின் டபிள்யூபிஆர் என்ற குறி ஒன்று வைத்தால், தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும்.

மூன்றாவது எழுத்துரு. நீங்கள் எழுத்துரு எதுவும் இணைக்காவிட்டால் விண்டோஸ் நிர்மலா யுஐ எடுக்கும், அண்ட்ரொயிட் நோட்டோ சான்ஸ் தமிழ் எடுக்கும், மக் தமிழ் சங்கம் எம்என் எடுக்கும். ஒரே சொல், ஒரே அளவு, மூன்று அகலம். ஒன்றில் மட்டும் பட்டை வந்து மற்றவற்றில் வராமல் இருந்தால் உலாவியைத் திட்டுவதற்கு முன் எழுத்துருவைப் பாருங்கள். வெப் எழுத்துரு ஒன்றை இணைத்தால் எல்லா இடமும் ஒரே அகலம் கிடைக்கும். ஆனால் அது இறங்கும் வரை பதிலி எழுத்துருதான் நிற்கும். அந்த ஒரு நொடியில் பட்டை தோன்றி மறைவதையும் சிலர் முறைப்பாடாகச் சொல்வார்கள்.

நான்காவது, பார்வைக்கே தெரியாதது. வேர்டில் தட்டிய அறிக்கையை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது சாதாரண இடைவெளிக்குப் பதிலாக உடையாத இடைவெளி கலந்து வரலாம். பந்தியில் எல்லா இடைவெளியும் அப்படி என்றால் உலாவிக்கு முழுப்பந்தியும் ஒரே சொல். திரைக்கு வெளியே நீளமாக ஓடும். எடிட்டரில் தேடி மாற்றுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பென்றால் ஒட்டுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்க்ரோல்பாருக்காக மட்டுமல்ல, கூகுள் தேடலில் உங்கள் பக்கம் கிடைக்க வேண்டுமே.

ஐந்தாம் படி: செங்குத்துப் பட்டை

உள்ளடக்கம் கொஞ்சம்தான், ஆனாலும் பக்கம் ஸ்க்ரோல் ஆகிறது. பெரும்பாலும் மின்-ஹைட்: 100விஎச் (திரையின் முழு உயரம்) போட்டுவிட்டுப் பொடியின் 8 பிக்சல் மார்ஜினை மறந்திருப்பார்கள். மார்ஜினை 0 ஆக்கியும் போகவில்லையென்றால் உள்ளே முதலாவதாக இருக்கும் தலைப்பின் மேல் மார்ஜின் வெளியே கசிந்து பொடியையே கீழே தள்ளுகிறது. பொடிக்கு டிஸ்பிளே: ஃப்ளோ-ரூட் போடுங்கள், அல்லது தலைப்பின் மார்ஜினைப் பாடிங்காக மாற்றுங்கள்.

போனில் கதை வேறு. அங்கே 100விஎச் என்பது முகவரிப் பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரம். பக்கம் திறந்தவுடன் முகவரிப் பட்டை விரிந்திருப்பதால் அடியிலுள்ள பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். 2022இல் சஃபாரி 15.4, பயர்பொக்ஸ் 101, குரோம் 108 மூன்றிலும் புது அளவுகள் வந்தன: சிறிய உயரத்துக்கு எஸ்விஎச், பெரியதற்கு எல்விஎச், மாறிக்கொண்டே இருப்பதற்கு டிவிஎச். முகப்புப் படத்துக்கு எஸ்விஎச் எடுப்பது என் வழக்கம். டிவிஎச் எடுத்தால் விரலால் உருட்டும்போது படம் துள்ளும். பழைய போன்களுக்காக மேல் வரியில் விஎச், அதற்குக் கீழ் வரியில் எஸ்விஎச் என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். தெரியாத வரியை உலாவி தானே தாண்டிவிடும்.

உயரம் குறித்த பெட்டிக்குள் படமோ ஐஃப்ரேமோ (வெளிப்பக்கத்தை ஒட்டும் பெட்டி) வைத்ததும் நான்கைந்து பிக்சலுக்கு ஒரு பட்டை வந்தால், டிஸ்பிளே: பிளொக். காரணம், படம் எழுத்து மாதிரி அடிக்கோட்டில் உட்கார்ந்து, கீழே எழுத்தின் வாலுக்கு இடம் விட்டு நிற்கிறது.

தமிழில் இதற்கு ஒரு தம்பியும் உண்டு. ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கும் லைன்-ஹைட்: 1, தமிழ் எழுத்துருவின் உயரத்துக்குப் போதாமல் இருக்கலாம். "கூ", "ணி" போன்ற எழுத்துகள் மேலும் கீழும் இடம் கேட்கும். அந்தத் தலைப்பு ஓவர்ஃப்ளோ: ஓட்டோ போட்ட பெட்டிக்குள் இருந்தால் இரண்டு மூன்று பிக்சலுக்கு ஒரு பட்டை வரும், அதுவும் உலாவிக்கு உலாவி வேறுபடும். ஹிடன் போட்டிருந்தால் பட்டை வராது, கொக்கியின் நுனி வெட்டுப்படும். தமிழ்த் தலைப்புக்கு 1.3க்குக் குறையாமலும் பந்திக்கு 1.6க்குக் குறையாமலும் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

இன்னும் ஒன்று, கண்டுபிடிக்கக் கடினமானது. திரைவாசிப்பான்களுக்காக மட்டும் எழுதிவிட்டுக் கண்ணுக்கு மறைத்த எழுத்துகள் வழக்கமாகப் பொசிஷன்: அப்சொலூட் ஆக இருக்கும். அவை ஸ்க்ரோல் ஆகும் நீளமான பட்டியலுக்குள் இருந்து, அந்தப் பட்டியலுக்குப் பொசிஷன்: ரிலேட்டிவ் இல்லாவிட்டால், பட்டியலின் வெட்டுக்கு அவை அடங்காது. பட்டியல் சின்னப் பெட்டிக்குள் ஒழுங்காக நிற்கும், முழுப் பக்கம் மட்டும் கீழே வெறுமையாக நீண்டுகொண்டே போகும். ரிலேட்டிவ் போட்டால் தீர்ந்தது.

ஆறாம் படி: ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் என்ற போர்வை

எங்கே தேடினாலும் கிடைக்கும் முதல் பதில் இது: எச்டிஎம்எல் (பொடிக்கும் வெளியே நிற்கும் உறுப்பு), பொடி இரண்டுக்கும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் போடு. பட்டை போய்விடும். பிறகு வரும் விளைவுகளைக் கேளுங்கள்.

ஒரு திசையில் ஹிடன் போட்டால் மற்றத் திசை விசிபிளாக இருக்க முடியாது. உலாவி அதைத் தானாக ஓட்டோ ஆக்கிவிடும். கிடைப்பட்டையை மறைக்கப் போய்ச் செங்குத்துப் பட்டையை வாங்குவது இப்படித்தான். பொடிக்கு மட்டும் போட்டால் அது ஜன்னலுக்கு மாற்றப்படுவதால் தப்பிக்கலாம். எச்டிஎம்எல்லுக்கும் சேர்த்துப் போட்டால் ஜன்னல் எச்டிஎம்எல்லின் மதிப்பை எடுத்துக்கொள்ளும், பொடி தனியான ஒரு ஸ்க்ரோல் பெட்டியாகிவிடும். அதற்கு ஹைட்: 100%ம் இருந்தால் வலப்பக்கத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு பட்டை நிற்கலாம். மேலே ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டிக்கி மெனுவும் ஒட்டாமல் போகும், ஏனென்றால் அது தனக்கு மிக அருகிலுள்ள ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பிடிக்கும்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: கிளிப். இது பெட்டியை ஸ்க்ரோல் பெட்டியாக மாற்றாது, மற்றத் திசையைத் தொடாது, ஸ்டிக்கியைக் கெடுக்காது. குரோம் 90, பயர்பொக்ஸ் 81, சஃபாரி 16 முதல் வேலை செய்யும். பொடிக்குப் போடாமல், உள்ளே எல்லாவற்றையும் சுற்றி ஒரு டிவ் வைத்து அதற்குப் போடுங்கள். பொடிக்குப் போட்டால் ஜன்னலுக்கு மாற்றப்பட்டு ஹிடன் போலவே நடத்தப்படும்.

அப்படிப் போட்டாலும் உள்ளே எது நீட்டுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே போடுங்கள். நீட்டியது அலங்கார வட்டம் என்றால் வெட்டலாம். கட்டணம் செலுத்தும் பொத்தானின் பாதி என்றால்?

இன்னொரு பழக்கமும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஓவர்ஃப்ளோ: ஸ்க்ரோல் என்று எழுதினால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பட்டைக்கான இடம் தெரியும். மக்கில் மிதக்கும் பட்டையுடன் வேலை செய்பவருக்கு அது ஒருநாளும் தெரியாது; விண்டோஸில் வெறும் சாம்பல் வாய்க்காலாக நிற்கும். வாங்கிய டெம்பிளேட்டில் இந்தச் சொல்லைத் தேடி, ஓட்டோ ஆக்குங்கள்.

ஏழாம் படி: பட்டை வருவதும் போவதுமாக இருந்தால்

சிறிய பக்கத்திலிருந்து நீண்ட பக்கத்துக்குப் போகும்போது நடுவில் நிற்கும் லோகோ ஏழெட்டுப் பிக்சல் இடப்பக்கம் துள்ளும். படத்தை அழுத்திப் பெரிதாகப் பார்க்கும் ஜன்னல் திறந்தாலும் இதே துள்ளல். பின்னணி அசையாதிருக்கப் பொடிக்கு ஹிடன் போடுகிறார்கள், பட்டை மறைகிறது, பக்கம் விரிகிறது. எச்டிஎம்எல்லுக்கு ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள் போட்டால் பட்டைக்குரிய இடம் எப்போதும் ஒதுக்கப்பட்டிருக்கும். குரோம் 94, பயர்பொக்ஸ் 97, சஃபாரி 18.2 முதல் உண்டு. அதற்கு முந்தியவற்றுக்காக ஓவர்ஃப்ளோ-வை: ஸ்க்ரோல் என்று எச்டிஎம்எல்லுக்குப் போடுவது பழைய தந்திரம், இன்றும் பிழையில்லை.

பட்டைக்கு நிறம் பூசுவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வெப்கிட் ஸ்க்ரோல்பார் என்ற பழைய வழியைப் பாவித்தால் மக்கில் மிதந்துகொண்டிருந்த பட்டையும் இடம் பிடிக்கத் தொடங்கும். அது வரை வராத பிழைகள் அங்கேயும் வரும். ஸ்க்ரோல்பார்-கலர், ஸ்க்ரோல்பார்-விட்த் இரண்டும் குரோம் 121 முதல் வேலை செய்கின்றன. நான் பூசுவதில்லை.

எட்டாம் படி: இருக்க வேண்டிய பட்டை

எல்லாக் கிடைப்பட்டையும் பிழையல்ல. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகு நேரங்களை ஒரு அட்டவணையாகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள்: நாள், புறப்படும் இடம், நேரம், திரும்பும் நேரம், குறிப்பு. ஐந்து பத்தியை 360 பிக்சலுக்குள் நசுக்கினால் எழுத்து எழுத்தாக உடைந்து வாசிக்க முடியாது. அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் வைத்து அதற்கு மட்டும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஓட்டோ கொடுங்கள். பக்கம் அசையாது, அட்டவணை மட்டும் உருளும். விசைப்பலகையால் பார்ப்பவர்களுக்காக அந்த டிவ்வுக்கு டாப்இண்டெக்ஸ் 0ம் ஒரு பெயர்க்குறியும் சேருங்கள். போனில் பட்டை மறைந்திருப்பதால் வலப்பக்கம் இன்னும் இருக்கிறது என்று பலருக்கு விளங்காது. கடைசியாகத் தெரியும் பத்தி பாதியில் வெட்டுப்படும்படி அகலத்தை வைத்தால் விரல் தானாக அங்கே போகும்.

சோதிக்கும் ஒழுங்கு

விண்டோஸ் குரோமில் சாதாரண ஜன்னலை மெதுவாக 320 வரை சுருக்குங்கள். குரோமின் ஜன்னல் அவ்வளவு சுருங்காது என்பதால் டெவலப்பர் கருவியை வலப்பக்கம் ஒட்டவைத்து இழுக்க வேண்டும். பிறகு பயர்பொக்ஸ். பிறகு விண்டோஸின் திரை அளவை 125%க்கு மாற்றி ஒருதரம். பின்ன பிக்சல்களால் வரும் ஒரு பிக்சல் பட்டைகள் அங்கேதான் வெளிப்படும். சஃபாரிக்கு மக் இல்லையென்றால் யாருடைய ஐபோனையாவது வாங்கிப் பாருங்கள். இங்கே விற்கும் ஐபோன்களில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். லினக்ஸ் இருந்தால் க்னோமின் வெப் என்ற உலாவியும் வெப்கிட்டில் ஓடுகிறது. முழு சஃபாரி அல்ல, ஆனால் அமைப்புப் பிழைகளில் பாதியையாவது காட்டும்.

கடைசியாக, 1280 பிக்சல் ஜன்னலில் 400% வரை பெரிதாக்குங்கள். அது 320 பிக்சல் அகலத்துக்குச் சமம். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 வாசிப்பு வசதி விதிகள் இந்த அளவில் பக்கம் இரு திசையிலும் உருளக்கூடாது என்கின்றன. அட்டவணை, வரைபடம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பார்வை குறைந்தவர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள். அந்தச் சோதனையில் பட்டை வந்தால் மறுபடி இரண்டாம் படிக்குப் போய் வித்தியாசத்தை அளவெடுங்கள்.